மாசு எத்தனை வகை? பாலாற்றங்கரையிலிருந்து ஒரு பதில்

ஆந்திரத்தின் குப்பம் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: சுற்றுச்சூழல் மாசு எத்தனை வகைப்படும், ஒவ்வொன்றும் உயிர்களை எவ்வாறு பாதிக்கிறது, பாடப்புத்தகத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்லாமல் நம் பக்கத்து எடுத்துக்காட்டுகளோடு விளக்க முடியுமா? குப்பத்தைக் கடந்து வரும் பாலாறு புல்லூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்தவுடன் சந்திக்கும் முதல் பெரிய ஊர் வாணியம்பாடி. அங்கே வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தேர்வுக்கு வேண்டிய விடை எளிது. நீர் மாசு, காற்று மாசு, நில மாசு, ஒலி மாசு என்று நான்கைச் சொல்லி, ஒளி, வெப்பம், கதிரியக்கம் ஆகியவற்றையும் சேர்த்தால் முழு மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தப் பகுப்பு மாசு எந்த இடத்தில் சேர்கிறது என்பதைக் கொண்டு செய்யப்பட்டது. சட்டம் இயற்றுவோருக்கும் அது வசதியானது. நீருக்கு 1974இல் ஒரு சட்டம், காற்றுக்கு 1981இல் ஒரு சட்டம், ஒலிக்கு 2000இல் விதிகள் என்று நம் நாட்டிலும் அப்படித்தான் வந்தன. ஆனால் உயிர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அறிய இந்தப் பகுப்பு அதிகம் உதவாது என்பது என் கருத்து. ஒரே நஞ்சு இன்று நீரில் இருக்கும், நாளை மண்ணில் இருக்கும், அந்த மண் காய்ந்து பறந்தால் மூச்சுக்குள் போகும். ஆகவே எந்த மாசுப் பொருளைப் பற்றியும் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அது எவ்வளவு காலம் சிதையாமல் இருக்கும்? நீரில் கரையுமா, கொழுப்பில் கரையுமா? உயிரின் உடலுக்குள் எந்த வழியாக, எந்தப் பருவத்தில் நுழைகிறது? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதிப்பின் பெரும்பகுதியை நாமே ஊகித்துவிடலாம்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இதை விளக்க ஆட்டுத்தோல் ஒன்றே போதும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிற்சாலையைத் ‘தோல் ஷாப்’ என்பார்கள். முன்பு ஆவாரம்பட்டையைக் கொண்டு பதப்படுத்தினார்கள்; பின்னர் குரோமிய உப்பு வந்தது. நாள்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது, தோலும் மென்மையாகவும் வெப்பம் தாங்குவதாகவும் கிடைத்தது என்பதால் அந்த மாற்றம் வேகமாகப் பரவியது. ஒரு தோல் உள்ளே போய்ப் பதமாகி வெளியே வருவதற்குள் நான்கு வகையான மாசு உண்டாகிறது. நான்கும் உயிர்களைத் தாக்கும் விதம் வெவ்வேறு.

முதலாவது உப்பு. அறுத்த ஆட்டின் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உப்பைத் தடவி அனுப்புவார்கள். ஷாப்பில் முதல் வேலை அதை நீரில் ஊறவைப்பது. அப்போது அந்த உப்பின் பெரும்பகுதி கழிவுநீரில் இறங்கிவிடும். சமையலறையில் இருக்கும் அதே உப்புதானே என்று இதை எளிதாக எடுத்துக்கொள்வார்கள். என் கணிப்பில் பாலாற்றுச் சமவெளியின் வேளாண்மையை அதிகம் கெடுத்தது குரோமியத்தைவிட இந்த உப்புதான். கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்களைக் கொண்டு தின்னச் செய்துவிடலாம்; உப்பைத் தின்னும் நுண்ணுயிர் எதுவும் இல்லை. அது சிதையாது, ஆவியாகாது, மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

உப்பு மிகுந்த மண்ணில் நிற்கும் தென்னைக்குக் காலடியில் ஈரம் இருந்தும் நீரை உறிஞ்ச முடியாது, ஏனெனில் வேரைச் சுற்றியுள்ள கரைசலின் அடர்த்தி வேருக்குள் இருப்பதை நெருங்கிவிடுகிறது. ஓலையின் நுனி முதலில் பழுப்பாகிக் கருகும். பிறகு குரும்பை கொட்டும். காய்த்தாலும் காய் சிறுத்துப் போகும். மண்ணுக்குள் இன்னொரு கேடும் நடக்கிறது. களிமண் துகள்களைக் கூட்டாகப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தை விலக்கிவிட்டுச் சோடியம் அந்த இடத்தில் அமர்ந்துகொள்ள, துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடுகின்றன. மழை பெய்தால் அந்த நிலத்தில் நீர் இறங்காமல் தேங்கும். காய்ந்தால் மேலே ஓடு போல் இறுகிவிடும். காற்றோட்டம் இல்லாத அந்த மண்ணில் மண்புழு தங்காது, பயறு வகைகளின் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். பம்புசெட்டுத் தொட்டியின் விளிம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெள்ளையாகப் பூத்திருக்கும் படிவத்தைப் பார்த்தே அந்தக் கிணற்றின் நிலையைச் சொல்லிவிடலாம். அந்த நீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு எளிதில் வேகாது.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்திருக்கும் மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு நீரே கிடைக்காத நிலையில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தோல் பட்டறைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் எடுத்த கணக்கை உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்புதான், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியையும் முன்னெச்சரிக்கை நெறியையும் இந்தியச் சட்டத்தின் பகுதியென்று நிலைநாட்டியது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் இந்த வழக்கைத் தாண்டிச் செல்ல முடியாது. அப்படிப்பட்ட வழக்கிலேயே இழப்பீடும் நிலச் சீரமைப்பும் முழுமை பெறாமல், 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு விரிவான தீர்ப்பை எழுத நேர்ந்தது.

உப்பைக் கழுவி வெளியேற்ற ஆற்றில் நீர் ஓட வேண்டும். பாலாறு கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடுவதாகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓடுவது என்ற சொல்லுக்கு வெள்ளக் காலத்தில் மட்டுமே பொருள் உண்டு. மேலே கட்டிய அணைகளையும் தடுப்பணைகளையும் பற்றி எங்கள் பக்கத்தில் ஆண்டுதோறும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் உண்டு, ஆனால் ஆற்றில் ஊற்றியது நாங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இரண்டாவது சல்பைடு. ஊறிய தோலிலிருந்து ரோமத்தை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்ப்பார்கள். இந்த நீரில் கரைந்து வரும் ரோமம், கொழுப்பு, புரதம் ஆகியவற்றை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தொடங்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. மீன்கள் நிலையாக வாழ லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும். அதற்குக் கீழே போனால் அவை மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; அதன் பிறகு மிஞ்சுவது சேற்றுப் புழுக்களும் கொசுப் புழுக்களுமே. ஊர்ச் சாக்கடை ஏரியில் கலந்தாலும் இதே கதைதான். நஞ்சு என்று எதுவும் கலக்காமலேயே மூச்சுமுட்டி உயிர்கள் சாகும்.

ஆக்சிஜன் தீர்ந்த சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்புகிறது. கழிவுநீர்க் கால்வாய் ஓரத்து வீடுகளில் வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போவதற்குக் காரணம் இதுதான்: வாயுவிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பான வெள்ளி சல்பைடு ஆகிறது. குறைந்த அளவிலேயே அது அழுகிய முட்டைபோல் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு இந்த வாயு கூடும்போது மூக்கின் உணர்வே மரத்துப்போகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்துத்தான் தொழிலாளர்கள் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். காற்றைவிடக் கனமான அது அடியில் தங்கியிருக்கும். அளவு மிகும்போது, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியில் இருக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், நுரையீரலில் காற்று இருந்தும் உடல் மூச்சுத்திணறும். முதலில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் அடுத்தடுத்து மாண்டுபோவது தோல் ஷாப் தொட்டிகளிலும் மலக்குழிகளிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. இதை நீர் மாசு என்பதா, காற்று மாசு என்பதா? எந்தத் தலைப்பின் கீழ் எழுதினாலும், யாரையாவது மீட்க வேண்டியிருந்தால் காற்று வழங்கும் முகமூடி இல்லாமல் உள்ளே இறங்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது குரோமியம். சுழலும் மரப் பீப்பாயில் தோலோடு குரோமிய சல்பேட்டைச் சேர்க்கும்போது அதில் 60 முதல் 70 விழுக்காட்டையே தோல் பிடித்துக்கொள்கிறது. எஞ்சியது கழிவுநீரில் போகிறது. வெளியே வரும் தோல் வெளிர்நீலமாக இருப்பதால் அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். இங்கே நுணுக்கமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது உயிரணுக்களின் சவ்வை எளிதில் கடப்பதில்லை. சுண்ணாம்பு சேர்த்தால் படிந்து சேறாகிவிடும். அறுவிணைதிறக் குரோமியம்தான் கொடியது. குரோமேட் அயனியின் வடிவம் சல்பேட்டின் வடிவத்தை ஒத்திருப்பதால், சல்பேட்டை உள்ளே விடும் வாசல் வழியாகவே அது உயிரணுவுக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே அது மூவிணைதிற நிலைக்கு மாறும்போது மரபணுப் பொருளைச் சிதைக்கிறது, அதோடு ஒட்டிக்கொள்ளவும் செய்கிறது. நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் புற்று உண்டாவது ஐயமற நிறுவப்பட்டது. தோலில் ஆறாத புண், மூக்குத் தண்டில் துளை ஆகியவையும் குரோமேட் ஆலைத் தொழிலாளர்களிடம் நெடுங்காலமாகக் காணப்பட்டவை.

குரோமியச் சேறு பத்திரமாக மூடிக் கிடந்தால் ஆபத்து மட்டுப்படும். சீவிய தோல்தூளையும் வெட்டுத்துண்டுகளையும் குப்பையோடு கொளுத்தினால், வெப்பத்திலும் காற்றிலும் மூவிணைதிறக் குரோமியத்தின் ஒரு பகுதி அறுவிணைதிற நிலைக்கு மாறிச் சாம்பலில் தங்குகிறது. முந்தைய நாள் வரை நிலக் கழிவாக இருந்தது புகையாகிக் காற்றிலும், மழையில் கரைந்து கிணற்றிலும் சேர்கிறது. ஆகவே தோல் துண்டுகளை அடுப்பெரிக்கவோ செங்கல் சூளைக்கோ எடுத்துச் செல்ல ஒருபோதும் விடக் கூடாது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்து 1990களில் மூடப்பட்ட ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்து கிடந்து, சுற்றுவட்டார நிலத்தடி நீரில் மஞ்சள் நிறம் இறங்கியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது தர விதி. நீரில் மஞ்சள் தெரியும்போது அந்த எல்லையைப் பலமடங்கு கடந்தாகிவிட்டது.

நான்காவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை: சுத்திகரிப்பினால் உண்டாகும் மாசு. கழிவுநீரைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தெளியவைத்து, சவ்வு வழியே அழுத்தி நல்ல நீரைப் பிரித்து, எஞ்சிய கரைசலைக் காய்ச்சி உப்பாக்குகிறார்கள். சொட்டு நீரும் வெளியேறாத இந்த முறை பெரிய முன்னேற்றம்தான். ஆனால் காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும், அதன் புகை உண்டு; மூட்டை மூட்டையாகச் சேரும் கலப்பு உப்பை யாரும் வாங்குவதில்லை, மழை படாமல் காக்க வேண்டும்; சேற்றையும் எங்காவது புதைக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். குப்பம் ஆற்றுப்போக்கில் எங்களுக்கு மேலே இருப்பதால் தோல் ஷாப் கழிவு அங்கே வருவதில்லை. உங்களுக்குள்ள கவலை கருங்கல். கிரானைட்டைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் எழும் தூளில் படிகச் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிச் சளியோடு வெளியேறிவிடும். தீங்கு செய்வது கண்ணுக்குத் தெரியாத, சில மைக்ரான் மட்டுமே உள்ள துகள். அது நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். அங்கே அதை விழுங்கிய காவல் உயிரணுக்கள் செரிக்க முடியாமல் செத்து, துகளைத் திரும்ப வெளியே விட, அடுத்த உயிரணு அதை விழுங்குகிறது. இப்படித் தொடர்ந்து நுரையீரல் தழும்பேறி இறுகுவதே சிலிக்கோசிஸ். இதற்குக் குணமளிக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதில் தொற்றும். துளையிடும் இடத்தில் நீரைப் பாய்ச்சினால் தூளின் பெரும்பகுதி அடங்கிவிடும். இவ்வளவு எளிய தடுப்பு முறை உள்ள நோயால் ஆட்கள் சாவதை நான் விபத்து என்று சொல்லமாட்டேன்.

அதே தூள் இலைகளில் படிந்து இலைத்துளைகளை அடைத்து, ஒளிச்சேர்க்கையைக் குறைத்து, மாமரத்தின் விளைச்சலையும் கெடுக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும் லாரிகளின் புகையில் உள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்களில் சில நுரையீரலைத் தாண்டி இரத்தத்திலேயே கலந்து, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. காற்றில் இத்துகளின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்திய விதி. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு 5.

ஃபுளோரைடையும் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் அதை உண்டாக்குவது ஆலை அன்று, பாறை. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில்தான் ஃபுளோரைடால் வரும் எலும்பு நோய் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவாயிற்று. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இன்றும் அது பெரிய சிக்கல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேலான நீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கோடுகள் விழும். அளவு இன்னும் கூடினால் எலும்புகளும் மூட்டுகளும் வளைந்து இறுகும். பல் உருவாகும் வயதில் குடித்தால்தான் பல்லில் கறை விழும் என்பதால், மேலே சொன்ன மூன்றாவது கேள்விக்கு, அதாவது எந்தப் பருவத்தில் என்பதற்கு, இதுவே தெளிவான சான்று. ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்த ஆழப்படுத்த நீர் பாறையோடு பழகும் காலம் கூடி, ஃபுளோரைடும் பல இடங்களில் கூடுகிறது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் நீரில் கரைபவை. கொழுப்பில் கரைபவற்றின் போக்கு வேறு. டி.டி.டி. போன்ற பூச்சிமருந்து சிறுநீரோடு வெளியேறாமல் கொழுப்பில் தங்கிவிடும். புழுவைத் தின்னும் மீனிலும், மீனைத் தின்னும் பறவையிலும் படிப்படியாக அடர்த்தி ஏறும். உச்சியிலிருக்கும் கழுகு, பருந்து இனங்களின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே நொறுங்கியது இதனால்தான். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் 2000ஆம் ஆண்டு வரை வானூர்தியிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் அங்கே மிகுந்திருந்ததைக் கண்டு எழுந்த போராட்டத்துக்குப் பின் 2011இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது.

மிகச் சிறிய அளவிலேயே ஓர் இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளிய பொருளும் உண்டு. மாடுகளுக்கு வலி நீக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 1992 முதல் 2007 வரையிலான பதினைந்தே ஆண்டுகளில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றே மிஞ்சியது. தோலுரித்த மாட்டுடலை ஊருக்கு வெளியே போட்டால் ஒரு பொழுதில் எலும்பாக்கிவிடும் பறவைகள் போனதும், அந்த இறைச்சி தெருநாய்களுக்குப் போய், வெறிநாய்க்கடியின் அச்சமும் கூடியது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் இன்று இப்பறவைகளை மோயாற்றுப் பள்ளத்தாக்குப் பகுதியில்தான் காண முடியும். இதைப் பாடப்புத்தகத்தின் எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்கே விளங்கவில்லை.

ஒலியையும் ஒளியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் மூலத்தை நிறுத்தினால் அவை அன்றே நின்றுவிடும், மண்ணில் தங்குவதில்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்பது விதி. திருவிழாக் காலத்து ஒலிபெருக்கி அதை எளிதாகத் தாண்டிவிடும். காதின் உட்புறத்து நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்கு மீண்டும் முளைப்பதில்லை. குரலால் துணை தேடும் தவளைகளும் பறவைகளும் இரைச்சலில் ஒன்றையொன்று கண்டுகொள்ளத் திணறுகின்றன. இரவு விளக்கைச் சுற்றிச் சுற்றி விட்டில்கள் மாள்கின்றன. பிளாஸ்டிக்கைப் பற்றி ஊரில் பசு வளர்ப்பவர் எவரும் சொல்வார்: உணவோடு விழுங்கிய பை முதல் இரைப்பையிலேயே சுருண்டு அடைத்துக்கொண்டு, வயிறு நிறைந்திருப்பதுபோல் தோன்றியே மாடு மெலிந்து சாகும்.

பள்ளித் திட்டப்பணிக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் ஊரில் ஒரு திறந்த கிணறு, ஓர் ஆழ்துளைக் கிணறு, ஓர் ஏரி ஆகிய மூன்றிலிருந்தும் கோடையிலும் மழைக்குப் பின்னும் நீரெடுத்து, கரைந்த உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு ஆகியவற்றை அளந்து ஒப்பிடுங்கள். உப்பை அளக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஃபுளோரைடுக்கு அரசுக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தை அணுக வேண்டும். அந்தச் சிறு கருவி மொத்த உப்பை மட்டுமே காட்டும் என்பதால், அதில் எண் குறைவாக இருக்கிறது என்று ஃபுளோரைடும் குரோமியமும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டில் நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பது கிருமிகளுக்கு நல்லது. உப்பு, ஃபுளோரைடு, குரோமியம் ஆகியவை கொதிப்பதால் போகமாட்டா, நீர் வற்ற வற்ற அவற்றின் அடர்த்தி சற்றே கூடத்தான் செய்யும்.